பத்தடிக்குள் ஒரு வண்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு வலது கால் இப்போது நன்றாக ஊன்ற வருகிறது. கைத்தடி பிடித்து வாசல் வரை தானாகவே போய்விடுகிறார்.

போன வாரம் போனில் எம்ஜி காமெட் என்ற இந்தக் குட்டி மின்சாரக் காரைப் பற்றி நான் சொன்னபோது நீ கேட்டது மனசிலேயே கிடக்கிறது. "பெரிய வண்டியா எடுங்கம்மா, நான் பணம் அனுப்புறேன். எதுக்கு அந்த டப்பா?" என்றாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி பார்க்கக் கிளம்பும் முன்னால், தையல் மிஷின் டிராயரில் கிடந்த டேப்பை எடுத்துப் போய் நம் வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்தேன். முனையில் மின்கம்பம் நிற்கிற இடத்தில் ஏழடிதான் இருக்கிறது. அப்பாவின் ஸ்கூட்டர் நின்ற முன்வாசல் பதினொரு அடி. இந்த எம்ஜி காமெட்டின் நீளம் 2,974 மில்லிமீட்டர், பத்தடிகூட இல்லை. டாடாவின் அந்தக் குட்டி நானோ காரே இதைவிட நீளம். அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. நீ சொன்ன பெரிய வண்டியை வாங்கியிருந்தால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, அப்பாவைச் சந்து முழுக்க நடத்திக் கூட்டிப் போக வேண்டும். அவரால் முடியுமா, சொல்.

டப்பா என்கிறாயே, அந்தச் சதுரம்தான் அவருக்கு வசதி. கூரை உயரமாக இருப்பதால் குனியாமல் உட்கார்கிறார். கதவு ரெண்டே ரெண்டு என்பதால் ஒவ்வொன்றும் அகலம். மடங்காத காலை மெதுவாக உள்ளே எடுத்து வைக்க இடம் இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வதை நீ பார்த்ததில்லை.

சீன வண்டி என்றும் தயங்கினாய். நானும் விசாரித்தேன். சீனாவின் லியூசோ நகரத்தைச் சேர்ந்த வூலிங் கம்பெனி 2020 ஜூலையில் ஹோங்குவாங் மினி என்று ஒரு குட்டி மின்சார வண்டியை 28,800 யுவானுக்கு விற்க ஆரம்பித்தது. தினமும் வேலைக்கும் கடைக்கும் போய்வரும் சாதாரண ஜனங்கள் அதை வாங்கினார்கள். அடுத்த வருஷம் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றதாம். அதே வூலிங் 2022-ல் இந்தோனேசியாவில் விட்ட ஏர் என்ற வண்டிதான் நம் ஊருக்குக் காமெட்டாக வந்தது. 2023-லிருந்து குஜராத்தில் ஹாலோலில் செய்கிறார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் கிளட்ச் பிடிபடாமல் நான் டிரைவிங் ஸ்கூலை விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். இதில் கிளட்சே இல்லை. நடுவில் திருப்புகிற ஒரு குமிழ், முன்னே போக, பின்னே போக, அவ்வளவுதான். ராத்திரி சார்ஜில் போட்டால் ஏழு மணி நேரத்தில் நிறைகிறது. பேட்டரி 17.3 யூனிட் பிடிக்கும். கம்பெனி 230 கிலோமீட்டர் என்கிறது; எனக்கு ஏசி போட்டு 170, 180 வருகிறது. பிசியோதெரபிக்கும் தல்லாகுளம் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்குமாக வாரம் முழுக்க ஓட்டினாலும் அதில் பாதி தீராது.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் வாங்கிய மாடலில் வழியில் வேகமாக சார்ஜ் போட வசதி கிடையாது. பின்சீட்டை மடக்காவிட்டால் பெட்டி வைக்க இடமே இல்லை. நாலு வழிச் சாலையில் இதை ஓட்டமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். திருச்சிக்குப் போவதென்றால் ரயில் இருக்கிறது.

இதை என் ஓய்வூதியப் பணத்தில் வாங்கினேன், ராசா. நீ அனுப்ப நினைத்ததை உன் வீட்டுக் கடனில் கட்டு. அறுபத்தொரு வயசில், யாரையும் எதிர்பார்த்து நிற்காமல் உங்க அப்பாவை நானே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன். முதல் நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. சிம்மக்கல் தாண்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார்.

ஆடியில் வரும்போது ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடலாம். நீ முன்னால் என் பக்கத்தில் உட்கார்.

அன்புடன்,
அம்மா