கடை இரவு பத்து வரை, வைத்தியம் பகல் பன்னிரண்டு வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று முழுக்க மறுவாழ்வு இல்லங்களைப் பற்றியே இருந்தது. வீட்டில் இருந்தபடியே, புறநோயாளியாக வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் தோதுப்படுவது அதுதான்.

பள்ளிபாளையத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். தங்கையின் வீட்டுக்காரர் என்னிடமே நான்கு தறி பார்க்கிறார். பதினைந்து வருடக் குடி. முதலில் நாங்களும் ஓர் இல்லத்தில்தான் சேர்த்தோம், பெயர் வேண்டாம். ஒரு மாதம் கழித்து உடம்பு தேறித்தான் வந்தார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் பழைய கதை. அந்த ஒரு மாதக் கூலியும் போய், வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியதுதான் மிச்சம்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை வாங்கித் தங்கை ரசத்தில் போட்டுவிட்டாள். அன்று இரவு அவர் குடித்துவிட்டு வந்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்காமல் ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் திட்டியது அவரை அல்ல, எங்களை. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டாம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இப்படித்தான் ஆகும், உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் சொல்படி சாப்பிட வேண்டிய மாத்திரை அது. எங்கள் பொடியில் என்ன இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த டாக்டர் அனுப்பித்தான் காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் மாப்பிள்ளை எக்ஸ்.எல். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நானென்ன பைத்தியமாங்க மச்சான்?" என்றார். அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்று பேசித்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

டாக்டர் முதலில் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. குடிக்காத நாளில் வலிப்பு வந்ததுண்டா, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிந்ததுண்டா என்று கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம், பெட்டில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்துவதை நம் ஊரில் வைராக்கியம் என்கிறோம். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து ஆளே போய்விடக்கூடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கம் அடங்க ஒரு மாத்திரை, நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துவதாக. அதை அவர் கையில் கொடுக்கவில்லை, தங்கையிடம்தான் கொடுத்தார்கள். ஈரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு நால்ட்ரெக்ஸோன் என்று தினம் ஒரு மாத்திரை. குடிக்கும் ஆசையைக் குறைக்குமாம். வாரா வாரம் போய் ஆலோசகர் அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மற்றபடி தறி ஓடிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். பாவு இழை ஒன்று அறுந்தது. அதை எடுத்து விழுதின் கண்ணில் கோத்து, அச்சில் வாங்கி, தறியைத் தட்டிவிட்டார். முன்பெல்லாம் விரல் நடுக்கத்தில் இதற்குப் பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிடுவார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி தார்க்கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போன இடத்தில் சறுக்கி, மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் போச்சு என்று தங்கை அழுதாள். ஆலோசகர் அம்மா கேட்டது வேறு: "அதுக்கு முன்னாடி எத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?" நாற்பத்தொரு நாள். "அது உங்க கணக்குலதான் இருக்கு, யாரும் கழிக்க முடியாது." அதற்கப்புறம் இதுவரை இல்லை.

சரி, இவ்வளவு நல்ல வைத்தியத்தில் என்ன குறை என்றால், நேரம். எங்களுக்குச் சொன்ன நாள் செவ்வாய். பகல் பன்னிரண்டுக்குச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். டாஸ்மாக் கடையோ பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்து வரை இருக்கிறது. கூலிக்காரர் ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. மூன்றாம் வாரம், நான்காம் வாரம் நின்றுவிட்டவர்களை நானே வரிசையில் பார்த்துப் பழகி, அப்புறம் காணாமல் தேடியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வைத்தால் ஷிப்ட் முடிந்து வரலாம். அதில் ஒரு நாள் திங்கள் என்றால் ரொம்ப நல்லது, சனி ஞாயிறு பட்ட பாட்டுக்கு அன்றுதான் மனசு இளகியிருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். என்றைக்கு என்று வாசலில் ஒட்டினாலே பலருக்கு ஆறு தாண்டும் வேலை மிச்சம்.

எங்கள் ஊர் முன்பு சேலம் ஜில்லா. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைத் தொடங்கியது அந்த ஜில்லாவில்தான். கடையை மூடச் சொல்லி நான் எழுதவில்லை, அது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். நான் கேட்பது சாயந்திரம் மூன்று மணி நேரம்.

அடுத்த கட்டுரையில் இரண்டு எண்களையாவது போடுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் காசு இல்லை. ஒன்றுக்குப் பதில் மற்றதை அழைத்துவிட்டாலும் பாதகமில்லை, இரண்டு பக்கமும் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

இந்தச் செவ்வாயும் நான்கு தறி நிற்கும்.

இப்படிக்கு,
விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
பள்ளிபாளையம்.
(தங்கை குடும்பத்துக்காகப் பெயரை வெளியிட வேண்டாம்.)