வழக்கு எந்த ஊரில் தாக்கலாகிறது என்பதையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிய தங்கள் கட்டுரை, அரசு முகமைகளின் சட்ட விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்ற ‘செவ்ரான்’ கோட்பாடு 2024 ஜூன் 28 அன்று ரத்தானதுதான், அரசு விதிகள் நீதிமன்றங்களில் அடிபடும் எல்லாக் கோளாறுக்கும் வேர் என்கிறது. குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்த ஆறு பேர் ஒரு பக்கம், ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் மறுபக்கம் என்று தீர்ப்பு பிரிந்ததும் உண்மைதான். ஆனால் கட்டுரை தொடாமல் விட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

சட்ட வாசகம் தெளிவில்லாமல் இருந்தால், அரசு முகமை தரும் விளக்கம் நியாயமானதாக உள்ளவரை நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும். 1984-இல் வந்த செவ்ரான் சொன்னது இவ்வளவுதான். ரீகன் ஆட்சியின் சுற்றுச்சூழல் முகமை, ஆலைகளுக்குச் சாதகமாகத் தளர்த்திய விதியைக் காப்பாற்றிய தீர்ப்பு அது. அதற்காகப் பரிந்து பேசியவர்களில் வலதுசாரி நீதிபதி ஸ்காலியாவும் ஒருவர். ஆட்சி கைமாறிய பிறகுதான் வலதுசாரிகளுக்கு அது கசந்தது.

அதை ரத்து செய்த லோப்பர் பிரைட் தீர்ப்பால் ‘விதிகள் எல்லாம் செல்லாமல் போயின’ என்று கட்டுரை சொல்வது தவறு. செவ்ரான் அடிப்படையில் முன்பு முடிந்த வழக்குகளின் முடிவு அப்படியே நிற்கும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதிலேயே எழுதியிருக்கிறார். நாடாளுமன்றம் வெளிப்படையாக முகமையிடம் ஒப்படைத்த அதிகாரமும் பறிபோகவில்லை.

அந்தப் பழைய விதிகளுக்கு உண்மையான ஆபத்து மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று வந்த கார்னர் போஸ்ட் தீர்ப்பில் இருக்கிறது. டெபிட் கார்டு பரிவர்த்தனைக்கு வங்கி வாங்கும் கட்டணத்துக்கு மத்திய ரிசர்வ் வாரியம் (அமெரிக்காவின் மத்திய வங்கி) 2011-இல் உச்சவரம்பு வைத்தது: 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம். இது அதிகம் என்று வடக்கு டகோட்டாவின் வணிகர் சங்கங்கள் 2021-இல் வழக்குப் போட்டன. விதியை எதிர்த்து வழக்குப் போடுவதற்கான ஆறு ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்று அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியதும், 2018-இல் திறந்த ஒரு லாரி நிறுத்தக் கடையை மனுதாரராகச் சேர்த்தார்கள். கடைக்குப் பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்தே ஆறு ஆண்டைக் கணக்கிட வேண்டும் என்று 6-3 பெரும்பான்மை ஒப்புக்கொண்டது. ஆக, ஒரு விதி எத்தனை பழசானால் என்ன? நேற்றுத் திறந்த கடை ஒன்று கிடைத்தால் போதும்.

அடுத்து, வழக்குப் போடுபவரே தமக்குச் சாதகமான நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது. டெக்சாஸின் அமரில்லோவில் தாக்கலாகும் சிவில் வழக்குகள் ஏறக்குறைய அனைத்தும் 2019-இல் டிரம்ப் நியமித்த காஸ்மரிக் என்ற ஒரே நீதிபதியிடம் போய்க்கொண்டிருந்தன. கருக்கலைப்பு எதிர்ப்பு மருத்துவர் கூட்டமைப்பு ஒன்று 2022 ஆகஸ்டில் அதே ஊரில் பதிவானது. மைஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரைக்கு 2000-இல் தரப்பட்ட அனுமதியை எதிர்த்து நவம்பரில் அங்கேயே வழக்கும் போட்டது. 2023 ஏப்ரல் 7 அன்று காஸ்மரிக் அனுமதியை நிறுத்திவைத்தார். அதே நாளில், ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலங்கள் தொடுத்த வழக்கில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் ஒபாமா நியமித்த நீதிபதி, 17 மாநிலங்களிலும் தலைநகரிலும் அந்த மாத்திரை கிடைப்பதைக் குறைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அமரில்லோ வழக்கை, மனுதாரர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 9-0 என ஒதுக்கித் தள்ளியது. அதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

நிபுணர் வேலையை நீதிபதி கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. செவ்ரான் ரத்தாவதற்கு முந்தைய நாள், மாநில எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஒஹாயோ வழக்கில் நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பு, ‘நைட்ரஜன் ஆக்சைடுகள்’ என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து முறை ‘நைட்ரஸ் ஆக்சைடு’ என்றது. பல் மருத்துவர்கள் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு அது! பிறகு சத்தமில்லாமல் திருத்தினார்கள். அந்த வழக்கில் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் டிரம்ப் நியமித்த பாரெட். மூன்று தாராளவாத நீதிபதிகளும் அவரோடு நின்றார்கள். கட்சியை மட்டும் வைத்துப் படித்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது.

மாநிலம் முழுவதையோ நாடு முழுவதையோ கட்டுப்படுத்தும் உத்தரவு கேட்கும் வழக்குகளை அந்த மாவட்டத்தின் எல்லா நீதிபதிகளிடையேயும் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் அமைப்பான நீதித்துறை மாநாடு 2024 மார்ச்சில் கொள்கை வகுத்தது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. மாற்றம் எதுவும் செய்வதாக இல்லை என்று அமரில்லோ அடங்கிய வடக்கு டெக்சாஸ் நீதிமன்ற மாவட்டம் அந்த மாதமே பதில் எழுதிவிட்டது. 2025 ஜூனில் வந்த ‘டிரம்ப் எதிர் காசா’ (CASA என்ற குடியேறிகள் உரிமை அமைப்பு) தீர்ப்பு நாடு தழுவிய தடையாணைகளுக்குக் கடிவாளம் போட்டது என்று கட்டுரை முடிகிறது. ஆனால் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்கீழ் ஒரு விதியையே முழுமையாக ரத்து செய்யும் அதிகாரம் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை. விதிகளை எதிர்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த ரத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை