பாப்பாவுக்கு, அந்த செட்டில்மெண்ட் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கும் போனில் விளக்கிப் பேச வராது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியே பிழைத்தவன் இல்லையா. அதனால் எழுதிவிட்டேன். தம்பி போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவான்.

உன் கிளையண்ட், எழுபத்தாறு வயது அம்மா, வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதலாமா என்று கேட்டதாகச் சொன்னாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, கேட்டது அந்த அம்மா இல்லை, மகன்தான் என்றாய். "செலவு கம்மிதானேப்பா?" என்று வேறு கேட்டாய். கம்மிதான். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், எவ்வளவு பெரிய வீடானாலும் 40,000 ரூபாயைத் தாண்டாது, பதிவுக் கட்டணமும் 10,000த்தோடு நின்றுவிடும். 2023 ஜூலைக்கு முன்னால் இன்னும் மலிவு, 25,000, 4,000 என்று இருந்தது. இந்த மலிவைப் பார்த்துத்தான் ஜனங்கள் உயிலை விட்டுவிட்டு இதற்கு ஓடுகிறார்கள். உயில் எழுதியவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்டில் கையெழுத்துப் போட்ட அன்றே வீடு கையை விட்டுப் போய்விடும், மனசு மாறினால் தானாகப் போய் ரத்து செய்ய முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை வயசானவர்களிடம் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. நானும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத கதை இது. தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி நம் ஊரைப் புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த சில மாதங்களில், முதுநகர் பக்கத்திலிருந்து ஒரு ஆயாவை அவர் மகன் கூட்டி வந்தான். ஓடு பறந்துவிட்டது, கடன் வாங்கி மெத்தை வீடு கட்டப் போகிறேன், வீடு என் பேரில் இருந்தால்தான் கடன் கிடைக்கும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. நான் வழக்கம்போல "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று ஆரம்பித்து எழுதினேன். அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க, பெத்த அம்மாவைப் பார்க்க மாட்டனா, படிச்சா அசிங்கமா இருக்கும்" என்றான். நானும் விட்டுவிட்டேன். ஆயா கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இனிமே வீட்டு வரி ரசீது யார் பேர்ல வரும் தம்பி?"

நாலு வருஷம் கழித்து அதே ஆயா தனியாக வந்தார். மெத்தை வீடு கட்டியாகிவிட்டது, ஆயா மட்டும் மகள் வீட்டுத் திண்ணையில். பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் செல்லாமல் போய்விடாதா என்று கேட்டார். நானே மனு எழுதி ஆர்டிஓ ஆபீசுக்கு, அதாவது இந்த மாதிரி மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயமான வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீசுக்கு, கூட்டிப் போனேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 என்று ஒன்று இருக்கிறது, அதில் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம் என்கிறது. ஆனால் நிபந்தனை எங்கே? நான்தான் எழுதவே இல்லையே. கடைசியில் மகன் மாதாமாதம் ஒரு தொகை தருவதாக எழுதிக் கொடுத்தான். வீடு திரும்பவில்லை. அந்த வழியாக இப்போதும் நான் சைக்கிளில் போவதில்லை.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், மூத்தவர்களுக்காக வந்த சட்டத்தைத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும், வீட்டைக் காலி செய்து கொடுக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் அந்த வழக்கிலும் பார்த்துக்கொள்வதாக மகன் தனியாக எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது, கவனி. கோர்ட்டு தயவை நம்பி எழுதாமல் விடாதே. செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று அந்த அம்மாவே சொன்னால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, வாடகை வந்தால் அதை வாங்கும் உரிமை, பராமரிப்பு நிபந்தனை, மூன்றும் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கிளையண்டுகளுக்கு யோசனை சொல்லும் உங்கள் தொழிலில் செய்யும் இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. "அம்மாவிடம் ஒரு பவர் எழுதி வாங்கி வையுங்கள், பின்னால் உதவும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறீர்கள். பவர் என்பது தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்; கொடுத்தவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் அந்தப் பவரும் அதோடு போச்சு, நம் சட்டம் அப்படி. மறதி நோய்க்காக வாங்கி வைத்த பவர், மறதி முற்றும்போதுதான் உதவாமல் போகும். நாமினி விஷயமும் அதே மாதிரிதான். பேங்க் பணத்துக்கு நாமினி என்றால் வாங்கி வைத்திருந்து வாரிசுகளிடம் கொடுக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான். (இன்சூரன்சில் 2015க்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் கதை வேறு, அது என்னைவிட உனக்கே தெரியும்.)

பாண்டிச்சேரிக்காரர் யாராவது வந்தால் ரெனோன்சான் குடும்பமா என்று முதலில் கேட்டுக்கொள். 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள், அதில் பிள்ளைகளின் பங்கை உயில் எழுதி மொத்தமாக வெட்டிவிட முடியாது. அதில் கை வைக்காமல் அங்கேயே ஒரு வக்கீலிடம் அனுப்பிவிடு.

சரி, நம் வீடு. நான் உயில் எழுதாமல் போனால் அம்மா, நீ, தம்பி மூன்று பேருக்கும் சம பங்கு. என் அம்மா, உன் பாட்டி, இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, இது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. எழுதி வைத்திருக்கிறேன். அம்மா ஆயுள் வரைக்கும் அவளுக்கு, அப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் சமமாக. உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், ஆனாலும் பதிந்துவிட்டேன், தொழில் புத்தி. முதலில் சாட்சி போட்ட இரண்டு பேரும் என்னைவிட மூத்தவர்கள், ஒருத்தர் போன வருஷம் போய்ச் சேர்ந்ததும் பயந்துபோய், நாற்பது வயசுக்காரர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் புதிதாக எழுதினேன். பீரோவில் தாய்ப்பத்திரத்தோடு இருக்கிறது, சாவி அம்மாவிடம்.

உன் கிளையண்ட் அம்மாவுக்கான பத்திர டிராஃப்டை நான் எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் பத்து நிமிஷம் பேச வேண்டும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. அவர் நம்பரை அனுப்பு. மகன் நம்பர் வேண்டாம்.

அப்பா