‘வளர்ச்சி’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த டார்வின் கட்டுரையில் ‘பரிணாம வளர்ச்சி’ என்ற சொல் பத்தி தவறாமல் வந்திருந்தது. கூடவே, குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் பழைய வரிசைப் படம். முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்திய நானும் அதைத்தான் கரும்பலகையில் வரைந்தேன். குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கொஞ்சம் கம்மி. இருந்தாலும் சொல்கிறேன். பரிணாமம் என்றாலே மாற்றம்தான். அதன் வாலில் ‘வளர்ச்சி’யை ஒட்டவைத்தது நாம்.

பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. அங்குள்ள பிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து 1973 முதல் கணக்கு வைத்தார்கள் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோய் நெருஞ்சிதான் மிச்சம். ஆமாம், நம்மூரில் சைக்கிள் டயரைப் பஞ்சராக்குமே, அந்த நெருஞ்சியின் உறவுச் செடிதான். அந்த முள்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சிற்றலகுக் குருவிகள் பெரும்பாலும் மாண்டன. அடுத்த தலைமுறையின் அலகு சராசரியாகத் தடித்துவிட்டது. முன்னேற்றம் என்று எழுதிவிடலாமா? பொறுங்கள். 1983இல் பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. கொடியும் புல்லும் மண்டி, தீவெங்கும் பொடி விதை. அடுத்து வந்த வறட்சியில் அதைக் கொத்தித் தின்னத் தோதான சிற்றலகுகளே அதிகம் பிழைத்தன. இதில் எது ஏற்றம், எது இறக்கம்?

“பாக்டீரியாவிலிருந்து மனிதன்வரை உடலமைப்பின் சிக்கல் கூடித்தானே இருக்கிறது, சார்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடியிருக்கிறது, சில கிளைகளில். தொடங்கியதே மிக எளிய உயிரில்; அதற்கும் கீழே இறங்க இடமேது? இடம் கிடைத்த நாடாப்புழு இறங்கவும் செய்தது. அடுத்தவர் குடலில் குடியேறியதும் தன் குடலையே தொலைத்துவிட்டது, நன்றாகவே வாழ்கிறது.

டார்வினுக்கே இதில் தடுமாற்றம் உண்டு. உயர்ந்தது, தாழ்ந்தது என்று சொல்லவே கூடாது எனத் தான் படித்த ஒரு புத்தகத்தின் ஓரத்தில் தனக்குத்தானே குறித்துக்கொண்டவர், 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தன் நூலின் முடிவில் உயிர்கள் முழுமையை நோக்கி முன்னேறும் என்றும் எழுதினார்.

அடுத்த முறை ‘பரிணாமம்’ என்று மட்டும் அச்சிடுங்கள். அந்த வரிசைப் படத்தையும் விட்டுவிடலாம். டார்வினின் அந்த நூலில் இருந்ததே ஒரே ஒரு படம். அதுவும் கிளை கிளையாகப் பிரியும் கோடுகள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.