பிள்ளையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளித் தம்பதியர் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போனால் முதலில் கேட்கப்படுவது இதுதான்: "உங்களைப் பார்க்கவே ஆள் வேணும், பிள்ளையை யார் பார்க்கிறது?" எங்களிடமும் கேட்டார்கள். என் கணவருக்குப் பார்வை இல்லை. எனக்கு இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனது, ஊன்றுகோலோடு நடக்கிறேன். எங்கள் மகள் இப்போது தரம் ஒன்றில் படிக்கிறாள்.

இலங்கையில் தத்தெடுப்புக்கான கட்டளைச் சட்டம் 1941இல் வந்தது. எடுப்பவருக்கு 25 வயதாவது இருக்க வேண்டும், பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும், பிள்ளையின் நலனுக்கு ஏற்றதுதான் என்று மாவட்ட நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. தத்தெடுக்கும் உரிமையும், பிள்ளை வளர்ப்பில் அரசு உதவ வேண்டும் என்பதும் அதன் 23ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. 1980களில் இங்கிருந்து பிள்ளைகள் பொய்ப் பத்திரங்களோடு ஐரோப்பாவுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே கண்டிப்பாக விசாரிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?

ஆனால் அந்த விசாரணைக்காக எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி என் ஊன்றுகோலைத்தான் பார்த்தார். நான் உட்கார்ந்தபடி சமைக்கிற மாதிரியும், தவழும் பிள்ளைக்கு எட்டாத மாதிரியும் அடுப்புக்குத் தடுப்பு வைத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் முத்து வைத்த கொலுசு போட்டோம். சத்தத்தை வைத்தே அவள் வாசலில் நிற்கிறாளா, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாளா என்று என் கணவர் சொல்லிவிடுவார். (சத்தம் நின்றால்தான் பயம், ஏதோ குறும்பு நடக்கிறது என்று அர்த்தம்!) காய்ச்சல் பாணிமருந்துக்கு ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அளவு வரும் இடத்தில் தண்டில் பிளேடால் ஒரு வெட்டு. நகத்தால் தடவிப் பார்த்து, நான் வெளியே போயிருந்தாலும் சரியான அளவு கொடுப்பார். தூக்கிக்கொண்டு நடப்பது அவர் வேலை, வழி சொல்வது என் வேலை.

எங்களுக்கு உண்மையில் முடியாமல் போனது வேறு. நாங்கள் இருக்கும் லயத்திலிருந்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) ரோட்டுக்கு இறங்கும் படிகள் மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். தடுப்பூசி நாளில் பிள்ளையோடு அதில் இறங்க அக்கம்பக்கத்தில் யாராவது கை கொடுக்க வேண்டும். அதைப் பற்றி எந்த அதிகாரியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அலுவலகத்தில் மனம் நொந்து திரும்புகிறவர்கள் பிள்ளை ஆசையை விட்டுவிடுவதில்லை. "கோர்ட்டு கச்சேரி எதுக்கு, தங்கச்சி பிள்ளையை வச்சுக்கோ" என்று வீட்டில் சொல்வார்கள். தோட்டங்களில் இப்படிப் பத்திரம் இல்லாமல் வளரும் பிள்ளைகள் புதிதல்ல. அப்புறம் ஸ்கூலில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர், கையெழுத்துப் போட வேறு ஆள். பெற்றவர்கள் நாளைக்கு வந்து கேட்டால் வளர்த்தவர்கள் கையில் ஒரு தாள்கூட இருக்காது. பிள்ளையின் நலன் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நன்னடத்தைத் திணைக்களத்துக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். வீடு பார்க்க வருகிறவர், பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவீர்கள், எப்படி மருந்து கொடுப்பீர்கள் என்று கேட்கட்டும். ஒரு பொம்மையை வைத்தாவது செய்து காட்டச் சொல்லட்டும், காட்டுவோம். முடியாத இடம் ஏதாவது தெரிந்தால், அதற்கு என்ன உதவி தேவை, யார் செய்து கொடுக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதட்டும். எங்கள் வீட்டுக்கு எழுதியிருந்தால், அந்தப் படிகளுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி என்று ஒரு வரி வந்திருக்கும்.

ஒரு தாய்,
தலவாக்கலை