பணத்துக்கு முந்தைய பற்று

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க 2025-இல் வழி பிறந்தது குறித்த கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். இனி பணம் உள்ள அணிக்கே ரசிகர்கள் என்ற அதன் முடிவை ஏற்க இயலவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியையே பார்ப்போம். 1891-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அதன் முதல் பயிற்சியாளர். அவ்வணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவரே. ஆயினும் இன்றும் கொண்டாடப்படுகிறார். அவரிடம் பயின்று, பின்னர் அவ்வணியின் பயிற்சியாளரான ஃபாக் ஆலன் 1952-இல் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். 1957 இறுதி ஆட்டத்தில் புகழ்பெற்ற வீரர் வில்ட் சேம்பர்லின் அணியில் இருந்தும், மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வட கரோலினாவிடம் தோற்றார்கள். அதன் பிறகு அடுத்த பட்டத்துக்கு 1988 வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

கான்சாஸில் படித்த காலத்தில் அவ்வணியின் ஆலன் ஃபீல்டுஹவுஸ் அரங்கில் ஆட்டம் பார்த்திருக்கிறேன். எதிரணியை அறிமுகம் செய்கையில் மாணவர்கள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். சொந்த அணி வந்ததும் அதே தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மேலே வீசுவார்கள். தோளிலும் தலையிலும் காகிதம் ஒட்டியபடியே ஆட்டம் தொடங்கும். ஊதியச் செய்திகளோடு நில்லாமல், இத்தகைய கல்லூரி அணிகளின் வரலாற்றையும் விளையாட்டுப் பக்கத்தில் தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர்