எல்லாரையும் மாமா என்று கூப்பிடும் பிள்ளைகளுக்காக: நெல்லைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழு உறுப்பினர்களே, வணக்கம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். ஆறு வயசு இருக்கும். ரத வீதிக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்டு, வளையல் கடைப் பலகையோரம் ஒண்டி நின்றான். "ஐயா, உன் பேரு என்னய்யா? யாரு கூட வந்த?" என்று எத்தனை பேர் கேட்டும் வாயே திறக்கவில்லை. பெண் போலீஸ் குனிந்து கேட்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முக்கால் மணி நேரம் கழித்து அழுதுகொண்டு ஓடிவந்த அவன் அம்மா சொன்னார்: "தெரியாத ஆளுககிட்ட பேரைக்கூடச் சொல்லாதன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. சோறு ஊட்டும்போதே 'பிள்ளை பிடிக்கிறவன் வாரான்' என்று நாம் எல்லாரும்தான் ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் பயம் பெரியவர்களையும் விடுவதில்லை. 2018-இல் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர்.

சரி, நம் பிள்ளைக்குத் தெரியாத ஆள் யார்? ஆட்டோ மாமா, பால்கார மாமா, பீடிக்கடை அண்ணாச்சி. முந்தாநாள் முகம் தெரியாதவர் இன்றைக்கு மாமா. அந்தப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை, அது நம் ஊரின் நல்ல குணம். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் மீதுதான்.

இதை எழுதும் எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. ஒன்பது வயதில், அம்மா சுற்றிய பீடிக் கட்டுகளைத் தட்டில் அடுக்கித் துணி மூடி நான்தான் கடைக்குக் கொண்டுபோவேன். கட்டு எண்ணுகிறவர் என்னை மட்டும் கடைசிவரை நிற்க வைப்பார். முதலில் கன்னத்தைக் கிள்ளுவார். அப்புறம் கை தோளிலிருந்து இறங்கும். "அம்மாகிட்டச் சொன்னா கட்டைக் கழிச்சிருவேன்" என்பார். கழித்தால் அன்றைய கூலி போகும் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. நாற்பது வயதில் சொன்னபோது, "ஏட்டி, ரெண்டு கட்டுக்காகவாட்டி?" என்று கேட்டுவிட்டு அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அன்றைக்கு யாராவது எனக்கு ஒன்றே ஒன்று சொல்லியிருக்கலாம்: 'அம்மாகிட்டச் சொல்லாத' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் பழக்குவோம். கன்னம் கிள்ளுவது பிடிக்கவில்லை என்றால் தாத்தாவிடமும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். அதற்காக 'மரியாதை இல்லாத பிள்ளை' என்று நாம் திட்டக் கூடாது. பள்ளியிலிருந்து கூட்டிப்போக வேறு யாராவது வந்தால், வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்கட்டும். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நின்று, போலீஸிடமோ, குழந்தையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ பெயரையும் போன் நம்பரையும் சொல்லட்டும். வாயால் சொன்னால் மறந்துவிடும். நடித்துக் காட்ட வேண்டும், சத்தம் போட்டு ஓடிப் பழக வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பேசிய பிறகு இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் 'ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிரலாம்' என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். 2012-இன் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாரும் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பதும் குற்றம்.

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சத்துணவுக்கூடச் சுவரில் எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். பிள்ளைகளோடு நடித்துக் காட்டவும் வருகிறேன். பீடிக்கடைக்காரராக யாராவது நிற்கட்டும், தட்டோடு போகிற பிள்ளையாக நான் நடிக்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தாய்